வேதமும் விஞ்ஞானமும்: வேதபாட வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்

மதுரையில் நரிமேட்டுப் பக்கம் ஞாயிறு சாயங்காலம் கூடும் ஒரு சின்ன வேதபாட வகுப்பை நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். மீதி, ஓய்வு பெற்றவர்கள், குடும்பப் பெண்கள், அப்புறம் சபைப் பக்கமே வராமல் வாதம் பண்ணுவதற்காகவே வரும் ஒன்றிரண்டு தோழர்கள். பாடம் முடிந்ததும் போனை நீட்டி "அண்ணே, இது நிஜமா?" என்று கேட்பார்கள். சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான். எழுதிவைத்துவிட்டால் எல்லாருக்கும் வசதி என்று இதை எழுதுகிறேன். வசனங்கள் நம் பழைய மொழிபெயர்ப்பை ஒட்டியவை. நாம் ஆதியாகமம் என்பதைக் கத்தோலிக்க நண்பர்கள் தொடக்கநூல் என்பார்கள், புத்தகம் ஒன்றுதான்.

"ஞானிகளுடைய ஞானத்தை அழிப்பேன்" என்று வேதமே சொல்கிறது. விசுவாசிக்குத் தர்க்கம் எதற்கு?

அது 1 கொரிந்தியர் முதல் அதிகாரம். எழுதியவர் பவுல். அதே நிருபத்தில், அதாவது கடிதத்தில், 15ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். மரித்தோர் உயிர்த்தெழுவதே கிடையாது என்று சொன்ன ஆட்களை அவர் எப்படி மடக்குகிறார் என்று பாருங்கள். மரித்தோர் எழுவதில்லை என்றால் கிறிஸ்துவும் எழவில்லை. கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கம் வீண், உங்கள் விசுவாசமும் வீண், நாங்கள் பொய்ச்சாட்சிக்காரர்கள். எதிராளியின் பேச்சைக் கையில் பிடித்து அதன் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறார். தர்க்கம் வேண்டாம் என்கிறவர் செய்யும் வேலையா இது? முதல் அதிகாரத்தில் அவர் சாடுவது, சிலுவையைக் கேவலமாகப் பார்த்த படித்த திமிரை.

நம் ஊருக்கு இது பழைய விஷயம். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, 'தத்துவ போதகர்' என்று பெயர் வாங்கியவர், தமிழும் சமஸ்கிருதமும் கற்று இங்கிருந்த பண்டிதர்களோடு வாதம் செய்தார். வேதத்தை ஒத்துக்கொள்ளாதவரிடம் வேத வசனத்தையே ஆதாரமாக நீட்டினால் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். அதனால் காரண காரியம் பேசினார். மறுபிறப்பை மறுக்க 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்று தனி நூலே எழுதினார். சாதி வழக்கங்களோடு அவர் செய்துகொண்ட சமரசம் எனக்குப் பிடிக்காது, அது வேறு சண்டை. எதிரில் இருப்பவர் ஒத்துக்கொள்ளும் இடத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்பதை அவரிடம் படித்துக்கொள்ளலாம்.

வேதம் சத்தியம் என்று வேதமே சொல்கிறது. அது போதாதா?

உள்ளே இருப்பவருக்குப் போதும். வெளியே இருப்பவரிடம் அப்படிப் பேசினால், "எங்கள் மாமா பொய்யே சொல்ல மாட்டார். எப்படித் தெரியும்? அவரேதான் சொன்னார்" என்கிற மாதிரி ஆகிவிடும். தர்க்கத்தில் இதைச் சுழல் வாதம் என்பார்கள். லூக்கா தன் சுவிசேஷத்தை எப்படி ஆரம்பிக்கிறார்? கண்ணாரக் கண்டவர்கள் சொன்னதைத் திட்டமாய் விசாரித்து எழுதுகிறேன் என்கிறார். விசாரித்ததாகச் சொல்கிறவரை நாமும் விசாரிக்கலாம். அதில் அவருக்கு ஒன்றும் மனவருத்தம் இருக்காது.

யோசுவா காலத்தில் காணாமல்போன நாளை நாசா கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டதாமே?

இல்லை. நாசா அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கேட்டவர்களுக்கு மறுத்தும் சொல்லிவிட்டது.

தெரியாதவர்களுக்கு விவரம். யோசுவா 10ஆம் அதிகாரத்தில் கிபியோன்மேல் சூரியன் நிற்கிறது, ஆயலோன் பள்ளத்தாக்கில் சந்திரன் நிற்கிறது. 2 இராஜாக்கள் 20இல் எசேக்கியா ராஜாவுக்கு அடையாளமாக நிழல் பத்துப் பாகை பின்னுக்குப் போகிறது. கம்ப்யூட்டரில் கிரகங்களின் ஓட்டத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டபோது ஒரு நாள் உதைத்ததாம். யோசுவாவுக்கு 23 மணி 20 நிமிடம், எசேக்கியாவுக்கு 40 நிமிடம், கூட்டினால் சரியாக ஒரு நாளாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் டாட்டன் என்பவர் 1890இலேயே இந்த மாதிரிக் கணக்கைப் புத்தகமாக எழுதிவிட்டார். நாசா தொடங்கியது 1958இல். 1970 வாக்கில் யாரோ அந்தப் பழைய கணக்கில் நாசாவையும் கம்ப்யூட்டரையும் சொருகிவிட, அது துண்டுப்பிரசுரமாகி, பிரசங்கமாகி, இப்போது வாட்ஸாப்புக்கு வந்திருக்கிறது.

கதை எங்கிருந்து வந்தது என்பது கிடக்கட்டும், தர்க்கத்துக்கே இது நிற்காது. ஒரு நாள் காணவில்லை என்று கண்டுபிடிக்க இரண்டு கடிகாரம் வேண்டும்: நின்றுபோன ஒன்று, நிற்காமல் ஓடிய ஒன்று. கம்ப்யூட்டரிடம் இருப்பது இன்றைக்குக் கிரகங்கள் இருக்கும் இடமும், அவை ஓடும் விதியும். அதை வைத்துப் பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். யோசுவாவின் அந்தக் காலையில் சூரியன் எங்கே இருந்தது என்று தனியாக யாராவது குறித்துவைத்திருந்தால்தான் ஒப்பிட்டு "இங்கே இடிக்கிறது" என்று சொல்ல முடியும். அப்படி ஒரு குறிப்பு கிடையாது.

"நல்ல காரியத்துக்குத்தானே அனுப்பினோம்" என்று ஒரு அக்கா வருத்தப்பட்டார். யோபு 13:7ஐப் படிக்கச் சொன்னேன். தேவனுக்கு வக்காலத்து வாங்கிய நண்பர்களைப் பார்த்து யோபு, தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசுவீர்களா, அவருக்காக வஞ்சகமாய்ப் பேசுவீர்களா என்று கேட்கிறான். புத்தகத்தின் கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது அந்த வக்கீல்களைத்தான்.

அப்படியானால் சூரியன் நின்றது பொய்யா?

நாசா கதை பொய் என்பதால் வசனம் பொய் ஆகாது. தவறான ஆதாரம் விழுந்தால் அந்த ஆதாரம் மட்டும்தான் விழும். யோசுவா 10:13, அந்த வரிகள் யாசேரின் புஸ்தகத்தில் உள்ளவை என்கிறது. சந்த நடையில் அமைந்த பாட்டு வரிகள். பகல் நிஜமாகவே நீண்டது என்பவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சம் மட்டும் நீடித்தது என்பவர்களும், போர்ப்பாட்டின் மிகை என்பவர்களும் இருக்கிறார்கள். அற்புதம் நடந்திருந்தால், அதைக் கணக்கில் பிடித்துக் காட்ட நம்மால் முடியாது என்பது என் கட்சி.

ஆறு நாள் என்றால் 24 மணி நேர நாளா?

இந்தக் கேள்வி வந்தால் அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

முதலில் ஒன்று. "விஞ்ஞானம் வந்ததும் பயந்துபோய் அர்த்தத்தை மாற்றிவிட்டீர்கள்" என்று தோழர்கள் சொல்வார்கள். காலக்கணக்கு அதற்கு ஒத்துவராது. சூரியன் நான்காம் நாள்தான் உண்டாகிறது. அப்படியானால் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் ஏது என்று கேட்டவர் 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகன். அகஸ்டின் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்குப் பெரிய விளக்கவுரை எழுதினார். தேவன் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், நாட்கள் என்பவை நமக்குப் புரியவைப்பதற்கான வரிசை என்பது அவர் கருத்து. டார்வினுக்கு 1400 வருஷத்துக்கு முன்னால் நடந்த பேச்சு இது. வானத்தைப் பற்றியும் பூமியைப் பற்றியும் அவிசுவாசிக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில், வேதத்தின் பெயரால் கிறிஸ்தவன் உளறினால், அவன் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசும்போது யார் நம்புவார்கள் என்றும் அதே உரையில் கேட்கிறார்.

இப்போது அதிகாரத்தையே பாருங்கள். முதல் நாள் வெளிச்சம், நான்காம் நாள் சுடர்கள். இரண்டாம் நாள் ஆகாயமும் தண்ணீரும், ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் நிலமும் பயிரும், ஆறாம் நாள் நிலத்தில் திரியும் மிருகமும் மனுஷனும். முதல் மூன்று நாளில் வீடு கட்டி, அடுத்த மூன்று நாளில் குடியேற்றுகிறார். இந்த அமைப்பைப் பார்த்தபிறகு, இது நாட்குறிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. சூரியனையும் சந்திரனையும் கும்பிட்ட ஜனங்கள் சுற்றிலும் இருந்த காலத்தில், அவற்றின் பெயரைக்கூடச் சொல்லாமல் "பெரிய சுடர், சிறிய சுடர்" என்று விளக்கு மாதிரி மாட்டிவிட்டுப் போகிறது அந்த அதிகாரம். சொல்லவந்த சேதி அங்கே இருக்கிறது.

24 மணி நேரம் என்று நம்புகிறவர்களை முட்டாள் என்று நினைக்க வேண்டாம். யாத்திராகமம் 20:11 ஓய்வுநாள் கட்டளைக்கு ஆறு நாள் படைப்பைத்தான் காரணமாகச் சொல்கிறது. அவர்கள் கையில் இருக்கும் பலமான வசனம் அது. நான் அவர்களோடு சேரவில்லை, ஆனாலும் அந்த வசனத்துக்குப் பதில் சொல்லாமல் தாண்டிப்போவதும் நேர்மை இல்லை. மாதிரி வாரம் ஒன்றை வைத்து மனுஷனுடைய வாரத்தை அமைத்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கி.மு. 4004 என்கிற கணக்கு வேதத்தில் இல்லை. அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650இல் வம்சவரலாறுகளைக் கூட்டிப் போட்ட கணக்கு அது. அக்டோபர் 23 என்று தேதியே குறித்தார். பழைய ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகிவிட்டதால் வேதவாக்கு மாதிரி நிலைத்துவிட்டது.

சந்திரனுக்குச் சொந்த ஒளி இல்லையே. அதை ஏன் "மகத்தான சுடர்" என்கிறது?

இதற்குச் சபைச் சீர்திருத்தவாதி கால்வின் 1554இலேயே பதில் சொல்லிவிட்டார். சனி கிரகம் சந்திரனைவிடப் பெரிது என்று வானியல்காரர்கள் நிரூபித்திருக்கிறார்கள், அது சரிதான். மோசே சாதாரண ஜனங்கள் கண்ணால் காண்பதை எழுதினார். வானியல் படிக்க விரும்புகிறவர் வேறு இடத்துக்குப் போகட்டும் என்கிறார். நாமும் தினசரிக் காலண்டரில் "சூரிய உதயம் 6.12" என்றுதான் அச்சிடுகிறோம். அதைப் பார்த்து யாரும் அச்சகத்தின் மேல் கேஸ் போடுவதில்லை.

கலிலியோவைச் சபை தண்டித்ததே?

தண்டித்தது. 1633இல் விசாரித்து, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தைக் கைவிடச் செய்து, 1642இல் சாகும்வரை வீட்டுக்காவலில் வைத்தது. அதற்குச் சப்பைக்கட்டு வேண்டாம். "பூமி ஒருபோதும் நிலைபேராதபடி" என்கிற சங்கீதம் 104:5ஐ வானியல் பாடமாகப் படித்ததன் விளைவு அது. 1992இல் போப் இரண்டாம் ஜான் பால் அந்தத் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஆனால் "விஞ்ஞானி ஒரு பக்கம், விசுவாசி ஒரு பக்கம்" என்று படம் போடுவதும் தப்பு. கலிலியோ விசுவாசி. பரலோகத்துக்கு எப்படிப் போவது என்று சொல்லத்தான் வேதம், வானம் எப்படிப் போகிறது என்று சொல்ல அல்ல என்ற பேச்சை, ஒரு கர்தினால் சொன்னதாக, 1615இல் தன் கடிதத்தில் எடுத்துக்காட்டியவரே அவர்தான். பூமி நகர்ந்தால் நட்சத்திரங்கள் இடம் மாறித் தெரிய வேண்டுமே என்று அன்றைய வானியல்காரர்கள் எழுப்பிய ஆட்சேபமும் லேசானதல்ல. அந்தச் சின்ன நகர்வை அளந்து காட்டியது 1838இல்தான்.

கார்பன் டேட்டிங்கை நம்பலாமா? அது பொய் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொன்னார்கள்.

கீழடிக்குப் போயிருக்கிறீர்களா? இங்கிருந்து அரை மணி நேரம். குழியின் சுவரைப் பாருங்கள். மேலே கலங்கிய மண், கீழே போகப்போக நிறம் மாறுகிறது. ஓர் அடுக்கில் ஓடு, இன்னோர் அடுக்கில் செங்கல். அந்த அடுக்கு ஒன்றில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பியதில் கி.மு. 580 என்று வந்தது. 2019இல் அறிக்கை வெளியானபோது நம் சபை ஆட்களுக்கும் பெருமை தாங்கவில்லை. மதுரை ஸ்டேட்டஸ் முழுக்க அதுதான்.

முறை இதுதான். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல்காற்றில் கார்பன்-14ஐ உண்டாக்குகின்றன. உயிரோடு இருக்கும் மரமும் மாடும் மனுஷனும் அதை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறோம். செத்ததும் வரவு நின்றுவிடும். இருப்பு மட்டும் கரையும். 5730 வருஷத்தில் பாதியாகும். 2600 வருஷத்துக்கு முந்தைய கரியில் நூற்றுக்கு 73 பங்கு மிச்சம் இருக்கும். மிச்சத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும். காற்றில் இருந்த அளவு காலத்துக்குக் காலம் கொஞ்சம் மாறியிருப்பதால், மரத்தின் வருட வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வார்கள்.

இதே முறையில்தான் சவக்கடல் சுருள்களையும், அதாவது சவக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த பழைய வேதக் கையெழுத்துச் சுருள்களையும், சோதித்தார்கள். 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் கிறிஸ்துவுக்கு முந்தையது என்று அந்தச் சோதனையும் சொன்னது. "பார்த்தீர்களா, ஏசாயா புத்தகம் எவ்வளவு பழசு!" என்று பிரசங்கத்தில் கைதட்டு வாங்குகிறோம். அடுத்த வாரமே ஓய்வுநாள் பள்ளியில் "கார்பன் டேட்டிங் எல்லாம் ஏமாற்று" என்கிறோம். கீழடிக்கும் கும்ரானுக்கும் சரி, நமக்குப் பிடிக்காத இடத்தில் மட்டும் தப்பு என்றால், அந்த அளவுகோல் முறைக்கு வைத்ததாக இல்லை, நம் விருப்பத்துக்கு வைத்ததாக இருக்கிறது.

இன்னொன்று. "டைனோசர் எலும்புக்குக் கார்பன் டேட்டிங் தப்பாகக் காட்டுகிறது" என்று வரும் வீடியோக்களை விட்டுத்தள்ளுங்கள். சுமார் 50,000 வருஷத்துக்குமேல் அந்த முறை செல்லாது. டைனோசருக்கு அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பாறைகளுக்கு வேறு கடிகாரம் உண்டு: யுரேனியம் ஈயமாக மாறும் வேகம். ஒரு வகை யுரேனியம் பாதியாக 447 கோடி வருஷம் எடுக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள பாறைகள் பூமிக்கடியில் வெந்து உருமாறி 50 கோடி வருஷத்துக்குமேல் ஆகிறது என்று அந்தக் கடிகாரம் சொல்கிறது. பூமிக்கு 454 கோடி.

நட்சத்திர ஒளியை வரும் வழியிலேயே தேவன் படைத்திருக்கலாம் அல்லவா? அப்போது பூமி இளசாக இருக்கலாமே?

அவரால் முடியும். முடியும் என்பதால் செய்தார் என்று ஆகாது.

1987 பிப்ரவரியில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை வானியலாளர்கள் பார்த்தார்கள். அது இருந்த தூரம் 1,60,000 ஒளியாண்டுக்கு மேல், அதாவது அதன் வெளிச்சம் இங்கே வந்து சேர அத்தனை வருஷம் ஆகும். உலகத்துக்கு வயது 6000 என்றால், அந்த வெடிப்பின் வெளிச்சம் நட்சத்திரத்திலிருந்து கிளம்பவே இல்லை, வழியில் படைக்கப்பட்டது என்று ஆகிறது. அதாவது அந்த வெடிப்பு நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றைத் தேவன் நமக்குப் படமாக ஓட்டிக் காட்டினார். "வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது" என்று 19ஆம் சங்கீதத்தைப் பாடிக்கொண்டே இதைச் சொல்ல எனக்கு நா வரவில்லை. கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய, சூரியனைப் பார்த்துக் குறித்துவரும் வானாய்வகம் இருக்கிறது. அங்கே எவர்ஷெட் என்பவர் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். வானம் நிஜத்தைக் காட்டும் என்று நம்பியதால்தான் அந்த வேலையே நடந்தது.

பரிணாமத்தை ஏற்றால் ஆதாம் என்ன ஆவார்?

பரிணாமம் என்றால் நாத்திகம் என்பது டார்வின் பக்கத்து ஆட்கள் சிலரும் நம் பக்கத்து ஆட்கள் சிலரும் சேர்ந்து போட்ட சமன்பாடு. 1859இல் டார்வின் நூல் வந்ததும் அமெரிக்காவில் அதற்காக வாதாடியவர் ஆசா கிரே. பக்தியுள்ள கிறிஸ்தவர், தாவரவியலாளர். மரபுப் பண்புகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்பதைப் பட்டாணிச் செடியில் கண்டுபிடித்த மெண்டல் ஒரு துறவி. மனித மரபணுத் தொகுப்புத் திட்டத்துக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் காலின்ஸ் விசுவாசி. உயிர் எப்படிப் படிப்படியாக மாறியது என்பதற்கு உயிரியல் பதில் சொல்லும். படைத்தவர் உண்டா என்பதற்கு அது பதில் சொல்லாது. "இல்லை" என்கிற பதிலும் அதில் கிடையாது.

ஆதாம் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. மதுரை காமராஜர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எம்130 என்கிற மரபணு அடையாளத்தைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதக் கூட்டத்தின் தடம் அது. பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய பயணம். மனித இனம் ஒருகாலத்திலும் இரண்டே பேராகச் சுருங்கியதாக மரபணுக் கணக்கு காட்டவில்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ரோமர் 5ஆம் அதிகாரமோ ஒரே மனுஷனாலே பாவம் வந்தது, ஒரே மனுஷனாலே நீதி வந்தது என்று ஆதாமையும் கிறிஸ்துவையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. ஆதாமை ஒரு கூட்டத்தின் தலைவராக, பிரதிநிதியாகப் பார்ப்பவர்கள் உண்டு. எல்லா மனுஷரின் கதையாகப் பார்ப்பவர்கள் உண்டு. 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ், உடல் பரிணாமத்தால் வந்திருக்கலாமா என்று ஆராயத் தடையில்லை, ஆனால் ஆதாம் ஒரே ஆள்தான் என்கிற பக்கம் நின்றார். சபைகளுக்குள் இது இன்னும் தீராத விவகாரம். பிரதிநிதி என்கிற விளக்கம் ரோமருக்கும் மரபணுவுக்கும் இடம் கொடுக்கிறது என்பதால் அதை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

முயல் அசைபோடும் என்கிறது லேவியராகமம். போடாதே?

போடாது. மாட்டுக்கு இருக்கும் வயிற்று அறைகள் முயலுக்கு இல்லை. வீட்டில் முயல் வளர்த்தவர்கள் கவனித்திருப்பார்கள்: சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அதன் தாடை ஆடிக்கொண்டே இருக்கும். குனிந்து தன் பின்புறத்திலிருந்து வரும் மெத்தென்ற புழுக்கையை நேரே வாயில் வாங்கித் திரும்பத் தின்னும். முதல் தடவை செரிக்காத சத்து இரண்டாவது தடவையில் சேரும். "பார்த்தீர்களா, அதுதான் அசைபோடுவது, விஞ்ஞானம் வேதத்தை நிரூபித்துவிட்டது" என்று சிலர் குதிப்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று ஆடுமேய்க்கிற ஜனத்துக்குக் கண்ணால் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளச் சொன்ன பட்டியல் அது. வாய் அசைகிறதா, குளம்பு பிளந்திருக்கிறதா, அவ்வளவே. வௌவாலைப் பறவைகளோடு சேர்த்ததும் அப்படித்தான்; பறக்கிறது, பறவை வரிசையில் எழுது.

கடுகும் இதே ரகம். விதைகளில் எல்லாம் சிறியது கடுகு என்றார் ஆண்டவர். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் கசகசாவை வைத்துப் பாருங்கள், எது சிறியது என்று பாட்டிக்கும் தெரியும். கலிலேயா விவசாயி விதைக்கிற விதைகளை மனதில் வைத்துச் சொன்ன உவமை அது. தாவரவியல் தேர்வு அல்ல.

சாலொமோனின் வெண்கலக் கடல் தொட்டிக்கு விட்டம் 10 முழம், சுற்றளவு 30 முழமாம். அப்படியானால் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 'பை' (3.14) வெறும் 3 தானா?

30ஐப் பையால் வகுத்தால் விட்டம் 9.55 முழம். முழத்தில் சொன்னால் பத்து. மல்லிகைப் பூவை முழம் போட்டு விற்கும் ஊரில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

வேதத்தில் முரண்பாடே இல்லை என்று சொல்லலாமா?

முரண்பாடு என்றால் என்ன என்று முதலில் முடிவு பண்ணிக்கொள்வோம். ஒரே விஷயத்தை, ஒரே அர்த்தத்தில், ஒரே நேரத்தில் ஆம் என்றும் இல்லை என்றும் சொன்னால்தான் முரண்பாடு. கல்லறையில் ஒரு வாலிபனைக் கண்டார்கள் என்று மாற்கு சொல்கிறார், இரண்டு பேர் என்று லூக்கா. இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவரும் இருந்திருப்பார். "ஒருவர் மட்டும்" என்று மாற்கு எழுதியிருந்தால் சிக்கல்.

யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறார் மத்தேயு. தலைகீழாய் விழுந்து வயிறு வெடித்தது என்கிறது அப்போஸ்தலர் 1:18. தொங்கினான், கயிறு அறுந்து விழுந்தான் என்று ஒட்டுப்போடலாம். நடந்திருக்கலாம் என்பது உண்மை, நடந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதும் உண்மை. வகுப்பில் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

அதே வெண்கலக் கடல் 1 இராஜாக்கள் 7:26இன்படி இரண்டாயிரம் குடம் பிடிக்கும், 2 நாளாகமம் 4:5இன்படி மூவாயிரம். வழக்கமாக ஊற்றியது இரண்டாயிரம், முழுக் கொள்ளளவு மூவாயிரம் என்பது ஒரு பதில். நகல் எடுத்தவர் எண்ணைப் பிசகினார் என்பது இன்னொன்று, எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. இதனால் என் விசுவாசம் ஒரு குடம்கூடக் குறையவில்லை.

"பூமியை அந்தரத்திலே தொங்கவைக்கிறார்" என்று யோபு 26:7 அன்றைக்கே சொன்னதே! வேதத்தில் விஞ்ஞானம் இருப்பதற்கு இது போதாதா?

யோபு 9:6ஐயும் படியுங்கள். அங்கே பூமிக்குத் தூண்கள் இருக்கின்றன. ஒன்றை விஞ்ஞானம் என்று எடுத்தால் மற்றதையும் எடுக்க வேண்டும். இரண்டுமே கவிதை. லேமினின் என்ற புரதம் சிலுவை வடிவில் இருக்கிறது, ஆகவே கிறிஸ்துவே நம்மைத் தாங்குகிறார் என்கிற வீடியோவும் இதே வகை. அந்தப் புரதம் அரிவாள் வடிவில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

விஞ்ஞானம் படித்தவர் அற்புதத்தை நம்ப முடியுமா?

மரியாள் கர்ப்பவதி என்று தெரிந்ததும் யோசேப்பு அவளை இரகசியமாய்த் தள்ளிவிட யோசித்தான். ஏன்? குழந்தை எப்படி உண்டாகும் என்பது அவனுக்கும் தெரியும். இயற்கை ஒழுங்கு தெரியாத ஜனம் என்பதால் அற்புதத்தை நம்பினார்கள் என்பது சரிவராது. ஒழுங்கு தெரிந்ததால்தான் அற்புதம் என்ற பேச்சே வந்தது. வழக்கமாக என்ன நடக்கும் என்று விஞ்ஞானம் சொல்கிறது. ஒரே ஒரு தடவை நடந்ததாகச் சொல்லப்படுவதை ஆய்வகத்தில் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. அது சாட்சியத்தை எடைபோடும் வேலை, கோர்ட்டு வேலை. உயிர்த்தெழுதலுக்குப் பவுல் 1 கொரிந்தியர் 15இல் சாட்சிகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். ஐந்நூறு பேரில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். அந்த நிருபம் கி.பி. 55 வாக்கில் எழுதியது. போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பது மாதிரி. அந்தச் சாட்சியம் நிற்கும் என்பது என் முடிவு. மறுக்கிறவர் "நடக்கவே முடியாது" என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டு வராமல் சாட்சியத்தைப் பேசட்டும்.

சுகமளிக்கும் கூட்டத்தில் ஜெபித்தபிறகு மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் பொறுமையாகப் பதில் சொல்வதில்லை.

கூட்டம் முடிந்து வந்த உற்சாகத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திய ஒரு அம்மா, கால் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். காசநோய்க்கு ஆறு மாத மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். கூட இருக்கிற பிள்ளைக்கும் தொற்றும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சுகமானீர்கள் என்று நம்புகிறீர்களா, நல்லது, பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டுங்கள். இயேசு சுகமாக்கிய குஷ்டரோகியை ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார் (மத்தேயு 8:4). தேவனுடைய சுகம் சோதனைக்குப் பயப்படாது.

லூக்கா வைத்தியர் என்கிறது கொலோசெயர் 4:14. துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டு வந்தேன் என்று பவுலே எழுதுகிறார். அவர் ஜெபிக்காமலா விட்டிருப்பார்? நம் ஊருக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து மருத்துவமனையும் கட்டினார்கள். கிழக்கு வெளி வீதி மிஷன் ஆஸ்பத்திரி இன்றைக்கும் இருக்கிறது. ஜெபமும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம்.

விடுதியில் என்னோடு இருக்கும் தோழன் பெரியார் வழி. தினமும் மடக்குகிறான். எப்படிப் பேசுவது?

1 பேதுரு 3:15, கேட்கிற யாவருக்கும் உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது, நாம் அதைத் தாண்டிவிடுவோம். அவன் சொல்வதில் சரியானதை உடனே சரி என்று சொல்லிவிடுங்கள். மூடநம்பிக்கை, காணிக்கைக் கொள்ளை, சபைக்குள் சாதி என்று அவன் அடுக்கினால் பாதிக்குமேல் நாமே ஒத்துக்கொள்ள வேண்டியவை. ஆனால் "பாதிரிகள் மோசம், ஆகவே கடவுள் இல்லை" என்று முடித்தால், அந்த "ஆகவே"யை மட்டும் பிடித்து நிறுத்துங்கள், தம்பி. தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு மறுநாள் படித்துவிட்டுப் போங்கள்.

என் மகள் கேட்கிறாள்: நோவாவின் பேழையில் டைனோசர் இருந்ததா?

பேழை எந்தக் காலம் என்று வாதாடுகிறவர்கள்கூட நாலைந்தாயிரம் வருஷத்துக்குள்தான் சொல்கிறார்கள். டைனோசர்கள் ஒழிந்து ஆறரைக் கோடி வருஷம் ஆகிறது. "இல்லை கண்ணு, அதெல்லாம் ரொம்ப முன்னாடியே போய்விட்டது" என்று சொன்னால் போதும், பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள்; பெரியவர்கள்தான் பயப்படுகிறோம். லீவு விட்டதும் அரியலூர்ப் பக்கம் கூட்டிப்போங்கள். திருச்சி தாண்டிப் போக வேண்டும். டைனோசர் காலத்தில் அந்த இடமெல்லாம் கடல். சுருண்ட அம்மோனைட் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. வாரணவாசியில் அருங்காட்சியகமும் இருக்கிறது. வெயில் கொளுத்தும், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.